சர்ச்சுக்கு ஸ்பீக்கர் வாங்கும் முன் ஒரு கைதட்டல் சோதனை

கம்ப்யூட்டர் துறையில் வேலை என்று தெரிந்தால் போதும், டி.வி. ரிமோட் முதல் மிக்ஸி வரை எல்லா ரிப்பேரும் நம்மிடம் வந்துவிடும். அப்படித்தான் மதுக்கரையில் எங்கள் சர்ச்சின் ஸ்பீக்கர் பிரச்னையும் என்னிடம் வந்தது.

புது செட் வாங்க சபையார் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருந்தனர். 1,000 வாட்ஸில் இரண்டு பெரிய பெட்டிகளை ஆல்டர் பக்கம் வைத்தால் போதும் என்பது கமிட்டியின் எண்ணம். கடைசி பெஞ்சில் உட்காரும் என் அப்பத்தா மட்டும், "சத்தம் நல்லாத்தான் கேக்குது கண்ணு, என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல" என்றார். உண்மையான பிரச்னை அதுதான்.

வாட்ஸ் கூடினால் போதுமா?

ஸ்பீக்கரில் இருந்து நேராக வரும் ஒலி, தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபெல் குறையும். முதல் பெஞ்சு 4 மீட்டரிலும் கடைசி பெஞ்சு 16 மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் 12 டெசிபெல். வாட்ஸை இரு மடங்காக்கினால் கிடைப்பதோ 3 டெசிபெல்தான். 12 டெசிபெல்லை ஈடுகட்ட 16 மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்படிச் செய்தால் முன்னால் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். வெறும் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதே அளவு கூடும். ஆகவே பின்னால் இருப்பவருக்குச் சத்தம் கூடும், பேச்சு தெளியாது.

உங்கள் லேப்டாப்பில் சோதியுங்கள்

1. இலவச சாப்ட்வேரான ஆடாசிட்டியை இன்ஸ்டால் செய்து, லேப்டாப்பைக் கடைசி பெஞ்சில் வைத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள்.

2. ஆல்டரில் நின்று ஒருவர் ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டட்டும்.

3. பதிவான அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கூர்முனையும் அதன் பின்னே ஒரு வாலும் தெரியும். வால் ஒன்றரை, இரண்டு செகண்ட் நீண்டால் எதிரொலி அதிகம் என்று பொருள்.

4. பிறகு ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஃபேன்கள் ஓடட்டும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்த நிலையில்தானே நாம் கேட்கிறோம்!

என்ன வாங்கலாம்?

எதிரொலி மிகுந்த இடத்துக்கு ஏற்றது காலம் ஸ்பீக்கர். சிறிய ஸ்பீக்கர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஒல்லியான பெட்டி இது. பேச்சொலியைக் கூரைக்கும் தரைக்கும் அதிகம் சிதறவிடாமல் ஆட்கள் பக்கம் அனுப்பும். லண்டன் புனித பவுல் பேராலயத்தில் 1950களின் தொடக்கத்திலேயே இம்முறையைப் பயன்படுத்தினார்கள். தூரத்து ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் ஒலியைக் காந்தப் பதிவுக் கருவி மூலம் சற்றுத் தாமதப்படுத்தியும் அனுப்பினார்கள்.

இன்று அந்தத் தாமதத்தை டிஜிட்டல் மிக்ஸரிலேயே அமைக்கலாம். ஒலி ஒரு செகண்டில் சுமார் 340 மீட்டர் செல்லும். முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் இடையே 10 மீட்டர் என்றால், 10 ÷ 340 = 29 மில்லி செகண்ட். அதோடு இன்னும் 10 கூட்டி வையுங்கள். ஒலி ஆல்டரில் இருந்து வருவதுபோலவே காதுக்குத் தோன்றும். தாமதம் வைக்காவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை வந்து குழப்பும்.

இந்தக் கணக்கைக் கமிட்டியிடம் காட்டினேன். உடனே வாங்காமல், ரேடியோ செட்காரரிடம் நான்கு சிறிய காலம் ஸ்பீக்கர்களை ஒரு ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்தோம். முன்னால் இரண்டு, பாதி தூரத்தில் பக்கச் சுவர்களில் இரண்டு. அன்று மதியம் சாப்பிடும்போது ஆயர் சொன்ன பிரசங்கத்தை அப்பத்தா எனக்கே திருப்பிச் சொன்னார். மறுவாரம் அதே வகையை வாங்கினோம்.

நீங்களும் வாங்குமுன் உங்கள் இடத்திலேயே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.