பிள்ளையை விடும் வீட்டுக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

வரிக் கோப்புக் கொடுக்கும் கடைசி நாள் ஏப்ரல் 30. அது நெருங்க நெருங்க ஒன்ராறியோ வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: “பிள்ளையைப் பார்க்கிற அன்ரி பற்றுச்சீட்டுத் தரமாட்டாராம். லைன் 21400-இல் அந்தக் காசைக் கழிக்கலாமா?”

பற்றுச்சீட்டு இல்லாமல் கழிக்காதீர்கள். ஏழு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரை கழிக்கலாம். அதில் ஒரு டொலரைக் கழிப்பதானாலும், பிள்ளையைப் பார்ப்பவர் தனிநபர் என்றால், அவருடைய சின் நம்பரோடு பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். கேட்டால் கொடுப்பது அவருடைய கடமை. ஒன்ராறியோவின் பிள்ளைப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது; அதற்கென்று தனியாகக் காசு வாங்கவும் முடியாது.

ஆனால் கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது வரியைவிடப் பெரிய குழப்பம் ஒன்று தெரிந்தது. அநேகமான பெற்றோர் தங்கள் பிள்ளை போகும் வீட்டை ‘கவர்மென்ட் செக் பண்ணின வீடு’ என்று நம்புகிறார்கள். ஒருவர், “ஐந்து பிள்ளைக்கு மேலே எடுக்கிறதில்லை, ஆகவே லைசென்ஸ் இருக்கத்தானே வேணும்” என்று எழுதியிருந்தார். உண்மை நேர்மாறானது. 13 வயதுக்குக் குறைந்த ஐந்து பிள்ளைகள் வரை பார்ப்பவருக்கு லைசென்ஸ் தேவையே இல்லை. பொலிஸ் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை, முதலுதவிப் பயிற்சியும் கேட்கப்படுவதில்லை. வீட்டுக்குள் யாரும் வந்து பார்ப்பதும் இல்லை, ஒருவர் முறைப்பாடு செய்தாலொழிய. இது சட்டவிரோதம் அல்ல; சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ‘இந்தப் பராமரிப்புக்கு ஒன்ராறியோ அரசின் லைசென்ஸ் இல்லை’ என்று முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எனக்கு எழுதியவர்களில் அப்படி ஒரு தாளைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

முறைப்பாடு வந்தால்தான் பார்ப்போம் என்ற இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாங்கள் ஏற்கனவே கண்டிருக்கிறோம். 2013 ஜூலையில் வோன் நகரில், லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டில் விடப்பட்ட இரண்டு வயதுப் பிள்ளை வெயிலில் நின்ற வாகனத்துக்குள் இறந்தது. சட்டம் அனுமதித்ததைவிட மிக அதிகமான பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அந்த இடம் பற்றி முன்னரே வந்த முறைப்பாடுகளில் சிலவற்றை மாகாணக் கல்வி அமைச்சு தொடர்ந்து விசாரிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் ஆந்த்ரே மரின் வெளியிட்ட அறிக்கையில் 113 பரிந்துரைகள் இருந்தன. தண்டனை கூடியது. புதிய சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. முறைப்பாடு வந்த பிறகே கதவைத் தட்டுவது என்ற அடிப்படை மட்டும் அப்படியே நிற்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை எப்படி முறைப்பாடு செய்யும்?

சரி, லைசென்ஸ் உள்ள வீடாகவே பார்ப்போம் என்கிறீர்களா? என்னை அதிகம் உறுத்துவது இங்கேதான். ‘லைசென்ஸ் உள்ள வீட்டுப் பராமரிப்பு’ என்று அமைச்சு எழுதுவதை ‘லைசென்ஸ் உள்ள ஏஜென்சியோடு ஒப்பந்தம் செய்த வீடு’ என்று வாசியுங்கள். லைசென்ஸ் ஏஜென்சியுடையது, வீட்டுடையது அல்ல. வீட்டைப் பார்க்க வருபவரும் ஏஜென்சியின் ஆள்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அப்படி வருபவர் ஒருவரின் பொறுப்பில் 25 வீடுகள் வரை இருக்கலாம். அமைச்சின் அதிகாரிகள் ஏஜென்சியைச் சோதிக்கிறார்கள். வீடுகளில் மாதிரிக்குச் சிலவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஆக, ஒரு வீட்டின் குறையைக் கண்டுபிடித்து அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியவரும், அந்த வீடு தொடர்ந்து நடந்தால் வருமானம் பெறுபவரும் ஒரே ஏஜென்சிதான். நேர்மையான ஏஜென்சிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய நேர்மையையே காவலாக வைத்துக் கட்டப்பட்ட ஏற்பாட்டை ‘அரசின் மேற்பார்வை’ என்று அமைச்சு சொல்லும்போது பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள்.

இருந்தாலும் இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் ஏஜென்சி வீட்டைத்தான் சொல்வேன். ஆண்டுக்கு நான்கு தடவை வரும் கண், ஒருபோதும் வராத கண்ணைவிட மேல். அந்த வீட்டில் குடியிருக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் பொலிஸ் சான்றிதழ் கேட்கப்படும்.

எண்ணிக்கை விடயத்தில் இரண்டு வகை வீடுகளையும் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாவிட்டால் ஐந்து பிள்ளைகள், ஏஜென்சி வீட்டில் ஆறு. பார்ப்பவரின் சொந்தப் பிள்ளை நான்கு வயதுக்குக் குறைந்தது என்றால் அதுவும் கணக்கில் சேரும். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் நின்றாலும் எண்ணிக்கை இரட்டிக்காது. இந்தப் பிள்ளைகளில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றிருந்ததை 2019-இல் மூன்றாக உயர்த்தினார்கள். எந்தச் சட்டத்தின் மூலம் தெரியுமா? மாகாணத்தின் வணிகப் போட்டித்திறனை மீட்பதற்கென்று கொண்டுவந்த சட்டத்தின் மூலம். புகை அலாரம் அடித்தால், நடக்கத் தெரியாத மூன்று பிள்ளைகளை ஒருவர் இரண்டு கையில் எப்படித் தூக்கிக்கொண்டு படியிறங்குவார் என்பதை அங்கே யாராவது யோசித்தார்களா என்று தெரியவில்லை.

அண்மையில் ஸ்காபரோவில், வாசகி ஒருவர் தன் மகளை டொக்டரிடம் கூட்டிப்போக வழக்கத்துக்கு முன்னரே போனபோது நானும் கூடப் போனேன். பகல் ஒரு மணி. வாசலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், கார் சீற்றில் ஒரு கைக்குழந்தை நித்திரை. பட்டி அவிழ்க்கப்படவில்லை. தலை முன்னால் சரிந்து நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. அப்படிச் சரிந்தால் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் மடிந்து அடைபடலாம். அதனால்தான் ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளையை தட்டையான கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். அந்த அன்ரி கெட்டவர் இல்லை. குசினியில் ஒரு பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டு, இன்னொன்றை இடுப்பில் வைத்திருந்தார். “இப்பத்தான் கண்ணயர்ந்தது, எழுப்பினால் அழும்” என்றார். அவரிடம் இருந்தது சட்டம் அனுமதித்த எண்ணிக்கைதான். வாசகி முதன்முதலில் வீடு பார்க்க வந்த மாலையில் விளையாட்டுச் சாமான் எல்லாம் கூடைக்குள் ஒழுங்காக அடுக்கியிருந்ததாம்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. சேர்க்க முதல் மத்தியான நேரத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். எந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது, மாடியில் படுத்தால் யார் போய்ப் பார்ப்பது என்று கேளுங்கள். சேர்த்த பிறகு சொல்லாமல் போங்கள். உங்கள் பிள்ளை அங்கே இருக்கும் நேரம் முழுவதும் உள்ளே போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். “பிள்ளைகள் குழம்பும், வரமுதல் போன் பண்ணுங்கோ” என்பவரின் வீட்டை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். எங்கள் ஆட்கள் ‘அவ என்ன நினைப்பா’ என்று தயங்குவது எனக்குத் தெரியும். தயங்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர் காணாததை, வாரத்தில் ஒரு நாள் நேரம் மாற்றிப் போகும் தாயோ தகப்பனோ காண்பார்.

மற்றக் கடிதங்களுக்கு:

‘நாளுக்கு 10 டொலர்’ எங்கே? அது 2022-இல் சொன்ன சராசரி இலக்கு. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு 22 டொலர், அதுவும் திட்டத்தில் சேர்ந்த லைசென்ஸ் உள்ள இடங்களிலும் ஏஜென்சி வீடுகளிலும், ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும்.

அந்தக் கட்டணத் திட்டத்துக்கான ஒப்பந்தம் எதுவரை? 2026 டிசெம்பர் 31.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடக் காசு கேட்கிறார்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் கேட்கக்கூடாது, கொடுக்காதீர்கள்.

நகரசபையின் கட்டண உதவி லைசென்ஸ் இல்லாத வீட்டுக்குக் கிடைக்குமா? கிடைக்காது.

கணவன், மனைவி இருவரில் யார் கழிப்பது? பெரும்பாலும் வருமானம் குறைந்தவர். அதனால் குடும்பத்தின் தேறிய வருமானம் குறைந்து பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவும் கூடலாம்.

அம்மம்மாவுக்குக் கொடுக்கும் காசைக் கழிக்கலாமா? கழிக்கலாம், அவர் சின் நம்பரோடு பற்றுச்சீட்டுத் தந்தால். அதே தொகையை அவர் தன் வரிக் கோப்பில் வருமானமாகக் காட்ட வேண்டும்.