குழாய் யார் கையில்?

"ஆப்பிரிக்கப் பேராசிரியர்கள் ஏன் அதிகமாக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதில்லை?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. சோம்பல் என்பார்கள், திறமை போதாது என்பார்கள். அவர்களுக்கு நாம் ஒரு கணக்கைக் காட்டுவோம்.

2004-ல் ஆப்பிரிக்க உயர்கல்வி நிலையங்களில் எடுத்த கணக்கு இது. சராசரியாக ஒரு பல்கலைக்கழகம் முழுமைக்கும், ஆசிரியர், மாணவர், அலுவலகம் அத்தனைக்கும் சேர்த்து இருந்த இணைய வசதி, ஐரோப்பாவில் ஒரே ஒரு வீட்டுக்கு இருந்த அளவு! விலையோ, மற்ற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கொடுத்ததைப்போல் 50 மடங்கு! ஊருக்கே ஒரு தெருக்குழாய். குடத்துக்கு ஐம்பது மடங்கு காசு. குழாயடியில் நிற்கும் நம் தாய்மார்களுக்கு இது உடனே விளங்கும். மேதாவிகளுக்குத்தான் விளங்காது.

ஏன் இந்த விலை? கென்யாவின் கரைக்கு 2009 வரை கடலடிக் கம்பியே வரவில்லை. வெளிநாட்டு ஏடு ஒன்றைப் படிக்க வேண்டுமானால் வானத்துச் செயற்கைக்கோள் வழியாகத்தான் வரவேண்டும். அதன் வாடகை யானை விலை.

சரி, கம்பி வந்துவிட்டால் விலை இறங்கிவிடுமா? மேற்குக் கரையைப் பாருங்கள், தோழர்களே! கானாவிலும் நைஜீரியாவிலும் 'சாட்-3' கம்பி 2002-லேயே கரையேறிவிட்டது. ஆனால், சாவி அந்தந்த நாட்டில் ஒரே தொலைபேசி நிறுவனத்தின் இடுப்பில்! கேட்பாரில்லை, விலை பல ஆண்டுகள் இறங்கவில்லை. அரசாங்க நிறுவனமாயிற்றே என்று நாம் சலுகை காட்டலாமா? முடியாது. ஏகபோகம் யார் செய்தாலும் ஏகபோகந்தான்.

கென்யப் பல்கலைக்கழகங்கள் வேறு வழி கண்டன. 1999-ல் 'கெனெட்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. கூட்டுறவுப் பண்டகசாலை நமக்குத் தெரியாததா? அதே ஏற்பாடுதான்: எல்லாரும் சேர்ந்து மொத்தமாக வாங்குவது. 2009 ஜூலையில் 'சீகாம்' கம்பி மொம்பாசாவை எட்டியது. அதன் ஒரு முனை நம் மும்பையில் இருக்கிறது! அடுத்தடுத்து வேறு கம்பிகளும் வந்தன, போட்டி பிறந்தது, விலை சரிந்தது.

கம்பி வந்தபின் இன்னொரு பூட்டு தெரிந்தது. அது ஆராய்ச்சி ஏடுகளின் சந்தா. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹினாரி' திட்டம் 2002 முதல் ஏழை நாடுகளுக்கு மருத்துவ ஏடுகளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தந்துவந்தது. 2011 ஜனவரியில், பெரிய பதிப்பகங்கள் சில வங்கதேசத்துக்கு அந்தக் கதவைச் சாத்தின. மருத்துவ உலகில் கண்டனம் கிளம்பிய பிறகே திறந்தன.

அந்த ஏடுகளில் எழுதுகிறவர் யார்? பேராசிரியர். பிழை பார்த்துத் தரம் சொல்கிறவர்? இன்னொரு பேராசிரியர். பெரும்பாலும் இருவருக்கும் ஒரு காசும் கிடையாது. படிப்பதற்கு மட்டும் அவர்களுடைய நூலகமே பணம் கட்ட வேண்டுமாம்!