பெட்டி உண்டு, பட்டியல் இல்லை

புது தில்லி: குடும்ப வழக்கறிஞரின் அலமாரியில் உயில் பத்திரமாக இருக்கும் என்பது நகரங்களில் பலரது நம்பிக்கை. அந்த வழக்கறிஞர் காலமானாலோ, முதுமையால் தொழிலைக் கைவிட்டாலோ, அலுவலகத்தைக் காலி செய்யும்போது அந்தக் காகிதம் எங்கே போகும்? உயிலை எழுதியவரும் மறைந்துவிட்டால், அப்படி ஒன்று இருந்ததே வாரிசுகளுக்குத் தெரியாமல் போகலாம்.

இதற்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது; அறிந்தவர்தான் குறைவு. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமல்ல. பதிவு செய்யாமலேயே, முத்திரையிட்ட உறையில் வைத்து, எந்த மாவட்டப் பதிவாளரிடமும் ஒப்படைக்கலாம் என்கிறது 42-ஆவது பிரிவு. சார் பதிவாளரிடம் அல்ல. ஒப்படைப்பு விவரத்தை 5-ஆம் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, உறையைப் பிரிக்காமல், தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துக் காப்பது பதிவாளரின் கடமை. எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். அவர் இறந்த பிறகு யாரேனும் விண்ணப்பித்தால், விண்ணப்பதாரர் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டு, வாசகம் 3-ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்படும். மூல உயில் மீண்டும் பதிவாளரின் பாதுகாப்புக்கே செல்லும்.

சிக்கல், ‘யாரேனும் விண்ணப்பித்தால்’ என்பதில்தான். மரணச் செய்தி பதிவாளரைத் தேடி வராது. எந்த மாவட்டத்திலும் ஒப்படைக்கலாம் என்று அனுமதித்த சட்டம், நாடு முழுவதையும் ஒருசேரத் தேடிப் பார்க்கப் பட்டியல் எதையும் ஏற்படுத்தவில்லை.

நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவை நீக்கியபோதும் இது கவனிக்கப்படவில்லை. சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களை மையமாகக் கொண்டு, சில மதத்தினரின் உயில்களுக்கு மட்டும் நீதிமன்றத்தின் புரோபேட் சான்றைக் கட்டாயமாக்கியிருந்த பிரிவு அது. அந்தப் பாகுபாடு ஒழிந்தது சரியே. ஆயினும், அந்தக் கட்டாயத்தால் நீதிமன்ற ஆவணங்களில் இடம்பெற்று வந்த உயில்கள் இனி அங்கு வராமலேயே போகலாம்.

மூலம் தொலைந்தாலும் வழி அடியோடு அடைபடுவதில்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் 237-ஆவது பிரிவின்படி, நகலோ வரைவோ இருந்தால் அதற்குப் புரோபேட் கோரலாம். ஆனால், எழுதியவரே அதைக் கிழித்தெறிந்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். உயில் கடைசிவரை வழக்கறிஞரிடம்தான் இருந்தது என்று காட்ட, அவர் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு வேண்டும். அதைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்?