திண்டிவனத்தில் ஓர் இரவு

மிஷனெரி ஊழியம் என்றவுடன், கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் போதகர் ஒருவரின் உருவமே நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுகிறது. அவ்வூழியத்திற்கென்று அழைக்கப்பட்டோர் சிலர். நாமோ பரீட்சை எழுதி, உத்தியோகம் தேடிக் குடும்பம் நடத்தவேண்டிய சாமானியர். பரந்த உலகில் தேவன் செய்யும் பெருவேலையில் நமக்குப் பங்கேது என்று எண்ணி அமைந்துவிடுகிறோம். இவ்வெண்ணம் பிழையென்று காட்டத் தூரதேசம் போகவேண்டுவதில்லை. அனந்தபுரத்திலிருந்து ஒரு பகலிற் போய்வரக்கூடிய திண்டிவனமே தக்க சான்று பகரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆற்காடு மிஷனைச் சார்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் ஊழியஞ் செய்துவந்தார். 1870ஆம் வருஷம் இராணிப்பேட்டையிற் பிறந்து அமெரிக்காவிற் கல்வி பயின்ற அவர் மகள் ஐடா, நோயுற்ற தாயாருக்குத் துணையாக அங்கு வந்திருந்தார். மிஷனெரியாவதில் அவருக்கு விருப்பமேயில்லை. ஓரிரவில் பிராமணர் ஒருவர், முகம்மதியர் ஒருவர், வேறோர் இந்து ஒருவர் ஆக மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையால் துடிக்கும் தத்தம் மனைவியைக் காக்க வரும்படி அவரை வேண்டினர். தாம் மருத்துவம் அறியாதவரென்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாமென்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்களைத் தொட வழக்கம் இடந்தராமையால் மூவரும் திரும்பினர். பொழுது விடிந்தபின், அம்மூன்று பெண்களும் இறந்தனரென்ற செய்தி வந்தது.

அந்த இரவே அவரை மருத்துவராக்கிற்று. 1899இல் அமெரிக்காவில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் வைத்தியந் தொடங்கினார். 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1909இல் தாதியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் தொடங்கின. அதுவே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்து இன்றும் நிலைபெற்றிருக்கிறது.

இச்சரித்திரத்தைச் சொல்லுவோர் ஐடா அம்மையாரின் பெயரோடு நிறுத்திவிடுவது வழக்கம். அவருக்குப் பின்னே நின்றவர்களையும் நாம் நினைத்தல் வேண்டும். அந்த முதல் மருத்துவமனைக்குப் பொருள் கொடுத்தவர் நியூயார்க் நகரத்து வங்கியாளரொருவர். அவர் இந்தியாவுக்கு வந்து போதித்தவரல்லர். தொடக்க நாட்களில் அம்மையாரின் அருகில் நின்று உதவிய சலோமி என்னும் பெண், பட்டம் பெற்றவரல்லர். பிற்காலத்தில் கல்லூரிக்கெனக் காணிக்கை திரட்டியவர்கள், அயல்நாட்டுச் சபைகளில் அமர்ந்திருந்த குடும்பப் பெண்கள். போனவர் ஒருவர், அனுப்பியவர் பலர், உடன் உழைத்தவர் பலர். இவர்களில் எவர் தவறியிருப்பினும் வேலை குறைபட்டிருக்கும்.

"கொடுத்தவர் அந்நியர், நாம் பெற்றவர்தாமே" என்று சிலர் கூறலாம். அதுவும் முழு உண்மையன்று. 1902இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணஞ் சென்றபோது, அவ்வூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பொருளைக் கொண்டே கடலுக்கு இப்பாலுள்ள தொண்டியில் ஊழியம் நடத்துவதைக் கண்டு, தம் சபையார் அவ்வாறு செய்யாமைக்கு நாணினார். மறுவருஷமாகிய 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. அதன் ஊழியர் தெலுங்கு கற்று, நிஜாம் இராஜ்யத்துத் தோர்ணக்கல் நாட்டில் உழைத்தனர். அவர்களைத் தாங்கியது தமிழ்ச் சபைகளின் காணிக்கை. அடுப்பேற்றுமுன் ஒரு பிடியரிசியைத் தனியே எடுத்துவைக்கும் நம் தாய்மாரின் வழக்கத்தை அற்பமென்று எண்ணற்க.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, அயலாரின் நிலையை அறிந்து, அவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தல். இரண்டாவது, மிஞ்சியதையன்று, வருமானத்தில் முற்பங்கைக் கொடுத்தல். மூன்றாவது, நம் தொழிலையே ஊழியமாக்குதல். அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் பண்ணிப் பிழைத்தாரன்றோ? நம் ஊர்ப் பிள்ளைகள் சென்னைக்கும், சிங்கப்பூருக்கும், அரபு நாடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். தாதியாகவோ, கணக்கராகவோ, கொத்தனாராகவோ சென்ற இடத்தில் கைசுத்தமும் இரக்கமும் உடையவராயிருப்பாராயின், அவரும் அனுப்பப்பட்டவரே.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பிறருடைய துன்பத்தை நம் மதத்திற்கு ஆள்சேர்க்கும் கண்ணியாக்குதல் ஊழியமாகாது. அன்று கதவைத் தட்டிய மூவரில் ஒருவரும் கிறிஸ்தவரல்லர். அவர்கள் கேட்டது போதனையுமன்று, உயிரே. கேட்டதைக் கொடுக்கும் தகுதி அன்று அந்த வீட்டிலிருந்த பெண்ணுக்கு இல்லாதிருந்தது. அத்தகுதியைத் தேடி அவர் கற்கச் சென்றார்.

மாணவ நண்பர்களே, நாம் இப்போது கற்கும் கல்வி யாருடைய தட்டுதலுக்கு விடையாகப் போகிறது? இவ்வொரு கேள்வியை மனத்திற் கொண்டு இக்கல்லூரி வாசலை விட்டுச் செல்வோமாக.