ரயருக்கு யார் காசு கொடுப்பது?

கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயனின் பெயரை உங்களிற் சிலர் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஓடி, 'போர்மியுலா வன்' காரோட்டப் போட்டியில் பங்குபற்றிய முதலாவது இந்தியர் ஆனவர். ஆனால் 2010இல் அவர் செய்த இன்னொரு காரியம் எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்படவில்லை. அமெரிக்காவில் 'நாஸ்கார்' அமைப்பு நடத்தும் பிக்கப் வாகனப் போட்டிகளில் இறங்கினார். வேர்ஜினியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் ஓடுபாதையில், முதல் ஓட்டத்திலேயே 13ஆம் இடம். அந்த வருட முடிவில், ரசிகர்களின் வாக்குகளால் அத்தொடரின் மிகப் பிரபலமான சாரதியாகவும் தெரிவானார்.

இவ்வகைப் போட்டியை 'ஸ்ரொக் கார்' ஓட்டம் என்பார்கள். கடையில் விற்கும் காரை அப்படியே கொண்டுவந்து ஓடியதால் வந்த பெயர். 1948இல் நாஸ்கார் தொடங்கிய காலத்துக் கதை அது. இப்போது வெளித்தோற்றம் மட்டுந்தான் தெருக் கார். உள்ளே எல்லாம் போட்டிக்கென்றே செய்தவை. வாகனம் புரண்டாலும் சாரதி நசுங்காதபடி சுற்றிவர உருக்குக் குழாய்க் கூடு. உள்ளே அடுப்படி வெக்கை. (அது எங்களுக்குப் புதிதல்ல!)

நரேனின் தந்தையே ரலிப் போட்டிகளில் இந்தியச் சம்பியனாக இருந்தவர். பதின்ம வயதிலேயே மகன் பிரான்சுக்குச் சென்று பயிற்சி பெற முடிந்தது. பின்னர் டாடா நிறுவனத்தின் அனுசரணையும் கிடைத்தது. திறமை இல்லாமல் ஒருவர் அவ்வளவு தூரம் போக முடியாது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் சமூகவியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, ரயருக்கும் எரிபொருளுக்கும் யார் காசு கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

நாஸ்காரிலேயே ஒரு பெண்ணின் கதை உண்டு. ஜெனற் கத்ரி, 1938இல் பிறந்தவர். பௌதிகவியல் பட்டதாரி, விமானத் துறையில் பொறியியலாளராக வேலை செய்தவர். பழைய ஜாகுவார் கார் ஒன்றை வாங்கி, எஞ்சினைத் தானே கழற்றிப் பூட்டிப் போட்டிக்குப் போனவர். 1976இல் சார்லட் நகரின் 600 மைல் ஓட்டத்தில் 15ஆம் இடம் பெற்றார். பெண்ணுக்கு அவ்வளவு பலம் ஏது என்று கேட்டவர்களுக்கு, காரை ஓட்டுகிறேனே தவிரச் சுமக்கவில்லை என்பதே அவரது பதில். 1977இல் டேற்றோனா 500 ஓட்டத்தில் பங்குபற்றிய முதற் பெண்ணாகி 12ஆவதாக வந்தார். அதே வருடம் பிறிஸ்ரலில் 6ஆம் இடம். 1978இல் மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்க, அதைச் சொல்லாமல் இண்டியனாபொலிஸ் 500 ஓட்டத்தில் ஓடி 9ஆம் இடம் எடுத்தார்.

அதன்பிறகு? அனுசரணையாளர்கள் கிடைக்கவில்லை. நாஸ்காரின் உயர்மட்டத் தொடரில் 33 போட்டிகள். 1980உடன் அதுவும் முடிந்தது. ஓடத் தெரியாமல் அவர் நிற்கவில்லை. கார் கொடுக்க ஆள் இல்லை.

இதை அமிர்தகழியில் எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா சிரித்தார். அவரது கணவர் காணாமற்போனவர். முச்சக்கர வண்டி ஓட்டப் பழகி, சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். "பொம்பிளை ஓட்டுற ஆட்டோவில ஆர் ஏறுவா?" என்று ஊரில் கேட்டதை அவர் பொருட்படுத்தவில்லை. லீசிங் எடுக்கப் போன இடத்தில்தான் அடைபட்டது. கணவரின் கையெழுத்துக் கேட்டார்களாம். இல்லை என்றதும் மரணச் சான்றிதழ் கேட்டார்களாம். இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பிணை நிற்கவும் ஆளில்லை. கத்ரிக்கும் இவருக்கும் இடையில் எத்தனை கடல், எத்தனை வருடம்!

கடைசியில் பெண்கள் சீட்டுக் காசில் முதற் தவணையைச் சேர்த்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். காலையில் அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரைப் பள்ளிக்கூடம் ஏற்றுகிறார். மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் காலத்தில் இரவிலும் ஓட்டம் இருக்கும். முன் ரயர் தேய்ந்துவிட்டதாம், அடுத்த சீட்டு அதற்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்.