பட்டறிந்தவர் சொல்லும் பாடம்



நமது அறநிலையத்தின் கல்வி நிதிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் நேர்காணும் பொறுப்பு, செயற்குழுவில் எனக்கும் வேறு இருவருக்கும் தரப்பட்டுள்ளது. எஸ்.டி.பி.எம். தேர்ச்சி என்ன, எந்தத் துறை, தகப்பனாரின் வருமானம் எவ்வளவு, உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளையின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் யார்? இதைப் பற்றியே இவ்வாண்டு மலரில் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விழைகிறேன்.

வயதும் நோயும்

மனநோய் என்றால் நடுவயதில் குடும்பப் பாரத்தால் வருவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வாழ்நாளில் மனநோய்க்கு ஆளாவோரில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறதாம். அதாவது, நாம் பொன்னாடை போர்த்திப் பல்கலைக்கழகத்துக்கு வழியனுப்பும் வயது அது.

வீட்டை விட்டு முதன்முறையாக விடுதி வாசம், பழக்கமில்லாத பாடமுறை, கல்விக் கடன், குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகவேண்டும் என்ற சுமை என எல்லாமே அந்த வயதில் ஒருசேர வந்து இறங்குகின்றன. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் ஆய்வில், 2019-இல் பெரியவர்களுள் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பது தெரிந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேர்.

சொல்லக் கூசும் நோய்

டிங்கிக் காய்ச்சலின் அறிகுறி நம் வீட்டுச் சிறுவனுக்குக் கூடத் தெரியும். மனச்சோர்வின் அறிகுறி பெரியவர்களுக்கே தெரிவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக நீங்காத துக்கம், முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், பாடத்தில் மனம் ஊன்றாமை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஆகியவை அந்த அறிகுறிகள். இவற்றைக் கண்டால் சோம்பல் என்கிறோம், திமிர் என்கிறோம், காதல் தோல்வி என்கிறோம், செய்வினை என்கிறோம். இந்த அறியாமையைப் போக்கும் அறிவுக்கு 1997-இல் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஆன்டனி ஜார்மும் அவர்தம் குழுவினரும் 'மனநல எழுத்தறிவு' என்று பெயர் சூட்டினர்.

அறியாமையை விடப் பெரிய தடை வெட்கம். ஜொகூரில் வளர்ந்தவர்களுக்குத் 'தம்போய்' என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று. 1937-இல் அங்கே திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை இப்போது 'பெர்மாய்' எனப்படுகிறது. மலாயில் அழகு, இனிமை என்று பொருள். 1911-இல் பேராக்கில் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கும் மகிழ்ச்சி என்ற பொருளில் 'பஹாகியா' எனப் பெயரிட்டுள்ளனர். பெயர்கள் மாறினாலும் நம் கேலிப் பேச்சு மாறவில்லை. 'இவனைத் தம்போய்க்குத்தான் அனுப்பவேண்டும்' என்ற கிண்டலை என் பணிக்காலத்தில் பள்ளித் திடலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கே நோய் வரும்போது வாய் திறக்குமா?

தனக்கு வந்தவர் பேசினால்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. எல்லாருக்கும் வந்துதான் தெரியவேண்டும் என்பதில்லை. வந்து தேறியவர் எதிரே அமர்ந்து பேசினால் போதும்.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக விளங்குபவர் எலின் சாக்ஸ் அம்மையார். ஆக்ஸ்போர்டில் படித்த நாளிலேயே மனச்சிதைவு நோயால் துன்புற்றவர். பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த அந்த வரலாற்றை 2007-இல் நூலாக வெளியிட்டார். மருந்து, நெடுநாள் உளச்சிகிச்சை, நண்பர்களின் துணை ஆகிய மூன்றுமே தம்மைத் தாங்கியதாக அவர் எடுத்துரைக்கிறார். மனச்சிதைவு வந்தால் படிப்பு முடிந்தது என்று நினைப்பவருக்கு, அந்தப் பேராசிரியரே விடையாக நிற்கிறார்.

ஆஸ்திரேலியாவில் செவிலியர் பெட்டி கிச்சனர், தாம் மனச்சோர்வால் பட்ட துன்பத்தை எண்ணிப் பார்த்தார். அடிபட்டவருக்கு முதலுதவி இருப்பது போல் மனம் நொந்தவருக்கும் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டு, கணவர் ஜார்முடன் சேர்ந்து 2000-இல் 'மனநல முதலுதவி'ப் பயிற்சியைத் தொடங்கினார். அது இன்று 25-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது.

புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2022-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மனநோய் பற்றிய இழிவெண்ணத்தைக் குறைக்க, நோயை அனுபவித்தவர்களோடு மக்கள் பழகுவதே மிகச் சிறந்த வழி என்பது அதன் முடிவு. அந்த ஆணையத்தின் இரு தலைவர்களுள் ஒருவரான சார்லீன் சன்கெல், தாமே மனச்சிதைவு நோயுடன் வாழ்பவர்.

நம் மண்டபத்தில் ஒரு மாலை

கல்வி நிதி பெற்ற முன்னாள் மாணவர் ஒருவரைச் சென்ற ஆண்டு நம் மண்டபத்தில் பேச அழைத்தோம். அவர் பெயரும் பல்கலைக்கழகமும் இங்கே வேண்டாம். இரண்டாம் ஆண்டில் அவர் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். தொலைபேசியில் வீட்டாரிடம், "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பாராம். விஷயம் தெரிந்ததும் பெற்றோர் மந்திரித்துக் கயிறு கட்டினர். கடைசியில் அவரைப் பல்கலைக்கழக ஆலோசகரிடம் கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர், அறைத்தோழரான மலாய் இளைஞர். சிகிச்சை பெற்றார், ஒரு பருவம் படிப்பை ஒத்தி வைத்தார், பிறகு பட்டம் பெற்றார். இப்போது ஆண்டுதோறும் புதிய மாணவர்களிடம் தம் கதையைச் சொல்லி வருகிறார்.

அன்று அவர் சொன்னவற்றுள் இரண்டு என் நெஞ்சில் தங்கிவிட்டன. "அறிவுரை சொன்னவங்க நிறைய பேர் ஐயா. சாப்பிட்டியான்னு கேட்டது அவன் ஒருத்தன்தான்" என்பது ஒன்று. "ரிசல்ட் குறைஞ்சா உங்க நிதி நின்னுடுமோன்னு பயந்துதான் யார்கிட்டயும் சொல்லல" என்பது மற்றொன்று. நிகழ்ச்சி முடிந்து அனைவரும் கலைந்த பிறகும், செருப்பு விடும் இடத்தருகே இரண்டு தாய்மார்கள் அவரிடம் தனியே பேசக் காத்திருந்தனர்.

அடுத்த கூட்டத்திலேயே செயற்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மருத்துவர் கடிதத்துடன் படிப்பை ஒத்திவைக்கும் மாணவருக்கு உதவி நிறுத்தப்படமாட்டாது. உடல்நோய், மனநோய் என்ற வேறுபாடும் இல்லை. இந்த வரி இப்போது விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

மனநல முதலுதவியின் படிகளை நம் வீட்டிலும் பின்பற்றலாம். முதலில் அருகில் சென்று நிலைமையை அறியுங்கள். உயிருக்கு ஆபத்து உண்டா என்று பாருங்கள். பிறகு குறை கூறாமல் காது கொடுங்கள். இது நோய், குணமாகும் என்று ஆறுதலும் தகவலும் கூறுங்கள். மருத்துவரை நாடத் தூண்டுங்கள். உறவு, நட்பு, வழிபாடு போன்ற பிற துணைகளையும் சேர்த்துக்கொள்ளச் செய்யுங்கள். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பயனில்லை என்று பாதியில் நிறுத்தக்கூடாது.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் மருத்துவரைப் பார்க்கலாம். தேவையானால் அவரே சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையின் எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, உதவி கேட்டால் போலீஸ் வழக்கு வரும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

கோயிலுக்கு இதில் பங்கில்லையா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. சராசரி ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சுறுத்தாமல் அரவணைத்த சூழலே காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். அந்த அரவணைப்பைத் தருவது நம் கடமை. மருந்தைத் தருவது மருத்துவரின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நன்கொடையாளப் பெருமக்களே! தாங்கள் வழங்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் ஒரு பிள்ளையின் கட்டணமாக மட்டும் நின்றுவிடக்கூடாது. அந்தப் பிள்ளை தளர்ந்து விழும் நாளில், 'எழுந்து வா, நாங்கள் காத்திருக்கிறோம்' என்று சொல்லும் குரலாகவும் அது அமையட்டும். இவ்வாண்டும் பட்டறிந்த இளைஞர்கள் நம் மண்டபத்தில் பேச வருகிறார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளுடன் திரளாக வந்து செவிமடுக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.