காகிதப்பூ வீட்டின் காவல் புரதம்

புனே அருகே நிக்டி பிராதிகரண் பக்கம் சாயங்காலம் நடந்தால், மதில்மேல் காகிதப்பூ கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கலாம். வேலியோரத்தில் அந்திமந்தாரை அப்போதுதான் மலர்ந்திருக்கும். மராத்தி பேசும் உங்கள் நண்பர்கள் அதைக் குல்பக்ஷி என்பார்கள். இந்த இரண்டு செடிகளும் ஒரே குடும்பம். காகிதப்பூவில் வண்ணமாகத் தெரிவது இதழே இல்லை, பூவைச் சுற்றியிருக்கும் பூவடி இலை. நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அந்திமந்தாரையும் குழல் பூதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உறவு புரியும்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது. காகிதப்பூ இலையிலும், அந்திமந்தாரையிலும், இவற்றின் உறவான மூக்கிரட்டையின் வேரிலும் வைரஸைத் தடுக்கும் காவல் புரதங்கள் உண்டு.

அவை ஏன் நமக்கு வேண்டும்? வெண்டைக்காய்ச் செடியின் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிடும் நோயைப் பாருங்கள். நம் பக்கத்துப் பம்பாய் மாகாணத்தில் 1924லேயே பதிவான நோய் அது. வெள்ளை ஈ சாறு குடிக்கும்போது வைரஸைச் செடிக்குள் விட்டுவிடுகிறது. பூச்சிமருந்து ஈயைக் கொல்லும். உள்ளே போய்விட்ட வைரஸை எதுவும் செய்யாது.

வைரஸால் தனியாகப் பெருக முடியாது. முறுக்கு அச்சுத் தட்டை மட்டும் கொண்டுவந்து, நம் வீட்டு முறுக்குக் குழலில் போட்டுப் பிழிந்துகொள்வதைப் போன்றது அதன் வேலை. செல்லுக்குள் அந்தக் குழலாக இருப்பது ரைபோசோம். புரதம் செய்யும் இடம் அதுதான். வைரஸ் தன் கட்டளையைக் கொடுத்து, தனக்கு வேண்டிய புரதத்தை அங்கே செய்துகொள்ளும்.

காவல் புரதம் வைரஸோடு சண்டை போடுவதில்லை. ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ. இழையிலிருந்து அடினின் என்ற ஒரே ஒரு துண்டைக் கழற்றிவிடுகிறது. ரைபோசோம் நின்றுவிடும், வைரஸும் பெருகாது. அந்தச் செல் போகலாம், ஆனால் செடி பிழைக்கும்.

1925இல் அமெரிக்காவில் டக்கர், ஆம்ஸ்ட்ராங் இருவரும் போக்வீட் என்னும் செடியின் சாற்றைப் புகையிலைத் தேமல் வைரஸோடு கலந்து தேய்த்தபோது, நோய் தொற்றாமல் தடைபட்டது. பிற்பாடு அந்தச் சாற்றிலும் இப்படியொரு புரதம் இருப்பது தெரிந்தது. போக்வீட் அதைச் செல்லுக்கு வெளியே, செல் சுவரில் வைத்திருக்கிறது. அதனால் தன் ரைபோசோமுக்கு ஆபத்தில்லை. நம் நாட்டில் லக்னோ பல்கலைக்கழகத்தின் எச்.என். வர்மாவும் எல்.பி. அவஸ்தியும் மூக்கிரட்டை வேர்ச்சாற்றின் வைரஸ் தடுக்கும் ஆற்றலை 1979இல் விவரித்தார்கள்.

தமிழ்நாட்டு வயல்களிலும் இலைச்சாறு வேலை செய்கிறது. நிலக்கடலையில் வைரஸால் வரும் மொட்டுக்கருகல் நோய்க்குச் சோளம் அல்லது தென்னை இலைச்சாற்றை 10 சதவீதக் கரைசலாகத் தெளிக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. விதைத்த 10ஆம் நாள் ஒருமுறை, 20ஆம் நாள் ஒருமுறை.

ஏன் அவ்வளவு சீக்கிரம்? வைரஸ் செடி முழுக்கப் பரவிவிட்டால் எந்தச் சாறும் அதைக் குணமாக்காது. நோய் வருவதற்கு முன்பே காவல் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆமணக்கு விதையிலுள்ள கொடிய நஞ்சும் இந்தப் புரதங்களின் உறவுதான். எந்த இலையையும் விதையையும் கசக்கி வாயில் வைக்காதீர்கள். கண்ணால் பார்த்து, நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், கடலை போட்டிருக்கும் தாத்தாவிடம் விதைத்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். பத்து நாள் ஆகவில்லை என்றால், இலைச்சாற்றைப் பற்றி அவருக்குச் சொல்ல இன்னும் நேரமிருக்கிறது.